நம்மையும் சேர்த்து எண்ணுவோம்

(யூபிலி ஆண்டின் தொடக்கமாகப் புத்தாண்டு நாள் காலைத் திருப்பலிக்குப் பின் விராலிமலை ஆலய வளாகத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



 நேற்றிரவு நன்றி வழிபாடு, நள்ளிரவுத் திருப்பலி, அதன்பின் கேக் என்று வீடு திரும்பவே உங்களில் பலருக்கு இரண்டு மணி ஆகியிருக்கும். இன்று காலையும் வந்திருக்கிறீர்கள். நீண்ட பிரசங்கம் வேண்டாம் என்று உங்கள் கண்களே சொல்லுகின்றன. ஆயினும் மரியாயின் சேனையினர் காப்பி போட இன்னும் சற்று நேரம் ஆகும் என்று சொல்லியிருப்பதால், அந்த நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளுகிறோம்.

புத்தாண்டு பிறந்தால் டைரி வாங்குவது நம் வழக்கம். நமக்கும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று டைரிகள் அன்பளிப்பாக வந்துவிடுகின்றன. சென்ற ஆண்டுகளின் டைரிகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். ஜனவரி முதல் தேதியில் முத்து முத்தான கையெழுத்து. அதிகாலை எழுவது, தினம் ஒரு மணி நேரம் விவிலிய வாசிப்பு, இனிப்பைக் குறைப்பது என்று பெரிய பெரிய தீர்மானங்கள். பொங்கலுக்கு முன்பே கையெழுத்து சரிகிறது. தைப்பூசம் வரும்போது பக்கம் வெறுமை. அதற்குப் பிறகு பால் கணக்கு மட்டுமே இருக்கிறது. உங்கள் வீட்டு டைரியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறோம்.

தீர்மானம் ஏன் நிற்பதில்லை? சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தப் பங்கில் நாம் கண்டவரை, சோம்பேறிகள் குறைவு. நெடுஞ்சாலை ஓரத் தொழிற்கூடங்களில் இரவு வேலை பார்த்துவிட்டு விடிந்ததும் வயலுக்குப் போகிறவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நா எழாது. வேறொரு நோய் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை நாம் ஒருபோதும் வெளியில் சொல்லோம். ஆனால் திண்ணையில் கேட்டதைச் சொல்லலாம் அல்லவா? திண்ணையில் நாம் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்றே: "அதெல்லாம் நம்மளால ஆகாது சாமி."

இப்போது நாம் சொல்லப்போகும் செய்தி நமக்கே வெட்கம் தருவது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே சொல்லுகிறோம்.

யூபிலியை முன்னிட்டுக் குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். இளைஞர்கள் தெருத் தெருவாகச் சென்றார்கள். எத்தனை குடும்பம், எத்தனை பேர், யார் யார் திருமுழுக்குப் பெற்றவர்கள், உறுதிபூசுதல் பெறாதவர்கள் யார் என்றெல்லாம் எழுதி முடித்து, கூட்டல் போட்டு, இந்த மலருக்காக அச்சகத்துக்கும் அனுப்பியாயிற்று. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் ஒரு பாட்டியம்மா வந்தார்கள். ஊருக்கு வெளியே கல் உடைக்கும் இடத்துப் பக்கம் குடியிருப்பவர்கள். பேத்திக்குப் பொதுத்தேர்வு வருகிறது, ஜெபித்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்தார்கள். எந்த அன்பியம் என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "எந்த அன்பியமும் இல்லீங்க சாமி. எழுத வந்த பிள்ளைங்க ரோட்டோட போயிட்டாங்க" என்றார்கள். பதிவேட்டைப் புரட்டினோம். இல்லை. பதினோரு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் கடைசித் தூணருகே, செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூசை காண்கிறவர்களின் பெயர், யூபிலிப் பதிவேட்டில் இல்லை! "சொல்லியிருக்கலாமே அம்மா" என்றோம். அதற்கு அவர்கள் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "சொல்லி என்னங்க சாமி, நாங்க எந்தக் கணக்குல வர்றோம்?" என்றார்கள்.

விட்டுப்போனது நம் குற்றம். இளைஞர்கள் நாம் காட்டிய எல்லைவரை போனார்கள். எல்லையை அங்கே போட்டது நாம்தான். அதற்கு அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வராமல் செய்தது நம் குற்றம் மட்டுமன்று, அந்தச் சிரிப்பு. பிறர் தம்மை எண்ணாமல் விட்டதில் அவர்களுக்கு வியப்பே இல்லை. ஏனெனில் அவர்கள் தம்மை எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். பேத்தியோ, படிப்பில் நல்ல பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு, "பரீட்சை எழுதி என்ன ஆகப்போகிறது, காலேஜெல்லாம் நம்மளால ஆகாது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். பாட்டி வாயில் இருந்த சொல் பேத்தியின் வாய்க்கு வந்துவிட்டது. நிலம், நகை போய்ச் சேராத வீட்டிலும் இந்தச் சொத்து மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அன்றிரவு நமக்கு நினைவுக்கு வந்தவர் வீரமாமுனிவர். நமக்கு அண்மையில் உள்ள ஆவூரில் பணியாற்றியவர் என்ற முறையில் நமக்கு மிகவும் உரியவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதைக் கடந்தபின் இங்கு வந்து அ, ஆ எழுதிப் பழகியவர். முப்பது வயதுக்கு மேல் இனி என்ன படிப்பு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்ட வழி செய்தவர் அவரே. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை அவர் இயற்றியது நீங்கள் அறிந்ததே. ஆனால் நமக்கு அன்று நினைவுக்கு வந்தது தேம்பாவணி அன்று. அவர் எழுதிய பரமார்த்த குரு கதை.

குழந்தைகளுக்குத் தெரிந்த கதைதான். குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்த்து, ஒருவழியாகக் கடந்து அக்கரை சேருகிறார்கள். எல்லாரும் வந்தோமா என்று ஒருவன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஐந்து பேர். இன்னொருவன் எண்ணுகிறான், அவனும் தன்னை விட்டுவிடுகிறான், ஐந்துதான். ஐயோ, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதே என்று கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, என் தடிக்கு மந்திர சக்தி உண்டு, காணாமற்போனவரை வரவழைக்கிறேன் என்கிறான். வரிசையாக நிறுத்தி முதுகில் ஆளுக்கு ஓர் அடி. அடி விழுந்ததும் அவனவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எண்ணினால் ஆறு பேரும் இருக்கிறார்கள்! (பெற்றோர்கள் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பிரம்பை எடுக்க வேண்டாம். இது கதை.)

சிறுவயதில் இதைக் கேட்டுச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அங்கே உண்மையில் காணாமற்போனவர் எவருமில்லை. ஒவ்வொருவனும் தன்னையே காணோம் என்று தானே அழுகிறான்! மேலும் கவனியுங்கள்: மீண்டும் மீண்டும் எண்ணியதால் பயன் உண்டாகவில்லை. கணக்கில் பிழை இருந்தால் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம். எண்ணுகிற ஆளிடமே பிழை இருந்தால், நூறு முறை எண்ணினாலும் ஐந்துதான் வரும். பேருந்து நிலையக் கடைகளில், உன்னை நம்பு, நீயே வெல்வாய் என்று எத்தனையோ புத்தகங்கள் விற்கின்றன. அவற்றைக் குறை சொல்ல நாம் வரவில்லை, சில நல்லவையே. ஆனால் தன்னை விட்டு எண்ணுகிறவனிடம் நீயே மறுபடி எண்ணிப் பார் என்பதுதான் அவற்றின் சாரம். நமக்கு வேண்டியது ஒரு வழிப்போக்கன். வெளியிலிருந்து வந்து நம்மையும் சேர்த்து எண்ணுகிற ஒருவர்.

இங்கே நம்மைப் போன்ற குருக்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாழ்ச்சியைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். யாருக்குச் செய்தோம்? நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் பெரிய மனிதர்கள் அன்று கோயிலுக்கு வரவில்லை. ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நிற்கிறவர்கள் வந்திருந்தார்கள். அவர்களிடம் இன்னும் கொஞ்சம் குனியுங்கள் என்றோம். அது தாழ்ச்சி அன்று. உண்மையில் நடப்பதே தாழ்ச்சி என்று கற்பித்தவர் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள். ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஐந்து என்று சொல்லுவது எப்படி உண்மையாகும்? இன்று நாம் இறைவனின் தாய் எனக் கொண்டாடும் அன்னை மரியாளைப் பாருங்கள். தம் பாடலில் அடிமையின் தாழ்நிலை என்றும் சொல்லுகிறார். எல்லாத் தலைமுறையும் தம்மைப் பேறுபெற்றவர் என்று போற்றும் என்றும் சொல்லுகிறார். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. வானதூதரிடம் எப்படி நடக்கும் என்று ஒரு கேள்வி கேட்டார். நம்மளால ஆகாது என்று சொல்லவில்லை.

தன்னை விட்டுவிட்டு எண்ணுவது ஒரு பிழை. இதற்கு நேர் எதிரான பிழையும் ஒன்று உண்டு. தன்னை மட்டுமே எண்ணுவது. அதைச் செய்தவர் சாதாரண மனிதர் அல்லர்; எலியா இறைவாக்கினர்.

அரசர்கள் முதல் நூல் 18, 19 அதிகாரங்களை வீட்டுக்குப் போனதும் வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கிப் பலியை எரித்ததைக் கண்டவர் எலியா. அத்தகையவர் ஈசபேல் அரசி அனுப்பிய ஒரே ஒரு மிரட்டலில் உடைந்து ஓடுகிறார். ஓடும்போது முதலில் என்ன செய்தார்? கூட இருந்த பணியாளனைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். மனம் தளர்ந்தவன் செய்யும் முதல் வேலை இதுதான். கூட இருப்பவரை அனுப்பிவிடுவது. அன்பியக் கூட்டத்துக்கு வராமல் நிற்பது, பீடப் பூக்கள் பிள்ளைகளில் ஒருவன் சொல்லாமல் நின்றுவிடுவது, வாலிபன் நண்பர்களை விட்டு ஒதுங்குவது, இவையெல்லாம் பெயேர்செபா. அப்படி ஒருவர் நின்றுவிட்டால், கொழுப்பு, திமிர் என்று நாம் பேசுகிறோம். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கும் நிலையில் அவர் இருக்கலாம்.

ஆண்டவர் எலியாவுக்கு உடனே உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டார். பிறகு வானதூதர் தட்டி எழுப்பினார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். அதற்கும் தடை சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் பயணம். ஓரேப் மலையில் தான் மட்டுமே மீதியாய் இருப்பதாக எலியா இரண்டு முறை முறையிடுகிறார். விசித்திரம் என்னவெனில், ஒபதியா என்பவர் நூறு இறைவாக்கினரைக் குகைகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதை அதற்கு முன்பே எலியாவின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்! கேட்டது காதில் விழுந்திருந்தும் கணக்கில் ஏறவில்லை. சோர்வு வந்தால் அப்படித்தான். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளாமல், மூன்று வேலைகளைக் கொடுத்து, கூடவே சரியான கணக்கையும் கொடுத்தார். பாகாலுக்கு மண்டியிடாதவர் ஏழாயிரம் பேர். ஏழாயிரத்தை ஒன்று என்று எண்ணியிருந்தார் எலியா!

விவிலியம் பழைய கதை, நம் காலத்துக்கு எடுபடுமா என்று இளைஞர்கள் நினைக்கலாம். நம் மாவட்டத்திலேயே, உங்கள் அம்மாமார், அப்பத்தாமார் வாழ்க்கையிலேயே நடந்ததைச் சொல்லுகிறோம்.

1991-ஆம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். இன்று ஸ்கூட்டியில் பறக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று ஒரு பெண் சைக்கிள் மிதித்தால் ஊரே திரும்பிப் பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல் பேசியும் பேசியது. ஆயினும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லாரும் கற்றார்கள். 1992-இல் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு ஊர்வலமாகச் சைக்கிளில் சென்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கு வந்து பார்த்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் இப்படிக் கற்றதாக எழுதியபின் உலகமே இதை அறிந்தது. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கினார்கள். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

நாம் அப்போது குருமட மாணவர். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, ஒரு மாலையில் களத்துமேட்டில் இதைக் கண்டோம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாடகைச் சைக்கிளில் ஏறுவார், நான்கு அடி போவார், விழுவார். சிறுவர்களாகிய நாங்கள் குரங்குப்பெடல் போட்டுக் கற்றவர்கள். அவருக்கு அந்த வசதியும் இல்லை. ஒவ்வொரு முறை விழும்போதும், "இந்த வயசுல எனக்கு எதுக்குடி இது, என்னால ஆகாதுடி" என்பார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டிருந்தது பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. அது சொன்ன பதில் இன்னும் நம் காதில் இருக்கிறது: "நான்தான் புடிச்சிருக்கேன்ல, நீ முன்னால பாரு சித்தி." நாமும் உதவுகிறோம் என்று வீராப்பாகப் போய்க் கேரியரைப் பிடித்து, சரியான நேரத்தில் விடத் தெரியாமல், அந்த அம்மாளோடு சேர்ந்து நாமும் விழுந்தோம். களமே சிரித்தது. மறுபடி அந்தப் பிள்ளையே பிடித்தது. எப்போது கையை விட்டது என்று யாருக்கும் தெரியாது. அம்மாள் களத்தின் மறுகோடிவரை போய்விட்டார். நிறுத்தத் தெரியாமல் வைக்கோற்போரில் மோதித்தான் நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மாள் கற்ற அரிச்சுவடியில் எவ்வளவு மிஞ்சியதோ, மறந்தவர்கள் பலரை நாம் பார்த்திருக்கிறோம். சைக்கிளை மறந்தவரைப் பார்த்ததில்லை. இதில் தன்னம்பிக்கை முதலில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை வந்தபின் ஏறுகிறேன் என்று அவர்கள் காத்திருந்தால், இன்றுவரை களத்துமேட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். என்னால் ஆகாது என்று வாய் சொல்லிக்கொண்டேயிருக்க, கால் மிதித்தது. வாய் சொல்லுவதை நிறுத்த முடியாவிட்டால் பரவாயில்லை. கேரியரைப் பிடிக்க ஆள் இருந்தால் போதும்.

அந்த ஆண்டு நமக்கும் அந்தப் பாடம் தேவைப்பட்டது என்பதால்தான் அந்தக் களத்துமேடு இவ்வளவு தெளிவாக நினைவில் இருக்கிறது. தத்துவ இயல் வகுப்புகள் நமக்கு எட்டவில்லை. கூடப் படித்தவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார்கள்; நாம் வாயைத் திறந்தால் வகுப்பு புன்னகை செய்யும். நாம் இதற்குத் தகுதியில்லை, போய்விடுகிறோம் என்று அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி மடித்து வைத்திருந்தோம். விடுமுறை முடிந்து திரும்பிய இரவு, ஆன்ம குருவானவரிடம் அதைக் காட்டினோம். வயதானவர். கடிதத்தை வாங்கினார், பிரிக்கவே இல்லை. "சாப்பிட்டாயா?" என்றார். இல்லை என்றோம். "முதலில் போய்ச் சாப்பிடு. சாப்பிட்டுத் தூங்கு. நாளைக் காலைப் பூசைக்குப் பிறகு வந்து இதை வாங்கிக்கொள்" என்றார். மறுநாள் வாங்கிக்கொண்டோம். அந்த வாரம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தோம். இன்றுவரை கொடுக்கவில்லை. எலியாவின் அப்பமும் தண்ணீரும் நமக்கு அன்று குருமடத்து ரசம் சோறாக வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம்.

குருப்பட்டம் பெற்றபின் அந்தச் சந்தேகம் ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னிக்கே அது ஒழியவில்லை. இலத்தீன் மொழியில் தடுமாறி, பெரும்பாடுபட்டு 1815-இல் குருவானவர். 1818 முதல் 1859-இல் இறக்கும்வரை ஆர்ஸ் என்ற சிற்றூரிலேயே பங்குக் குரு. பிரான்சு நாடே அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்துகொண்டிருந்த காலத்தில், தாம் இந்தப் பணிக்கு ஏற்றவரல்லர் என்று ஊரைவிட்டே போய்விட முயன்றார்; அதுவும் ஒருமுறை அன்று, சிலமுறை. 1853-இல் இரவோடிரவாகப் புறப்பட்டபோது மக்கள் வழிமறித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். புனிதரை எண்ணிக் கணக்கில் சேர்த்தவர்கள் பங்கு மக்கள்! இதை ஒரு காரணத்தோடுதான் சொல்லுகிறோம் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே, பிள்ளைகளே, இந்த ஆண்டு டைரியில் பெரிய தீர்மானம் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். யார் என் கேரியரைப் பிடிக்கிறார், நான் யாருடைய கேரியரைப் பிடிக்கிறேன் என்று இரண்டு பெயரை மட்டும் எழுதுங்கள். அது போதும். தேர்வு எழுதும் பிள்ளைகள் தனித்தனி வீட்டில் பயந்துகொண்டு உட்கார வேண்டாம். மாலை ஆறு மணியிலிருந்து பங்கு மன்றம் திறந்திருக்கும். விளக்கு உண்டு, மின்விசிறி உண்டு, சுண்டல் உண்டு. ஆசிரியர்கள் இருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் நம்மிடம் உதவி கேட்க வேண்டாம். நம் கணக்கு எப்படிப்பட்டது என்பதைப் பதிவேட்டிலேயே கண்டீர்கள்.

நடுவில் தளர்ச்சி வரும். வந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர் மயிலைப் பாருங்கள். மழைக்காலம் கழிந்தால் தோகையை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடுகிறது. மலைப் பக்கம் போய்ப் பிள்ளைகள் இறகு பொறுக்கி வருகிறீர்களே, அது யாரும் பிடுங்கியது அன்று. புதுத் தோகை முழுதாக வளரச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அது ஆடிக் காட்டுவதில்லை. ஆனால் அதிகாலையில் அகவத்தான் செய்கிறது, இரை தேடத்தான் செய்கிறது. பிப்ரவரியிலும் ஜூனிலும் உங்களுக்கு அப்படி ஒரு காலம் வந்தால், சாப்பிடுங்கள், தூங்குங்கள், பணியாளனைப் பெயேர்செபாவில் விட்டுவிடாதீர்கள்.

யூபிலி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஏற்பாட்டில் ஏழு ஏழாண்டுகள், நாற்பத்தொன்பது ஆண்டுகள் எண்ணி, ஐம்பதாம் ஆண்டை யூபிலியாக அறிவித்தார்கள். எக்காளம் ஊதிய நாள் எது தெரியுமா? பாவப் பரிகார நாள். முதலில் மன்னிப்பு, பிறகு விடுதலை. விற்ற நிலம் திரும்ப வந்தது, அடிமையாய்ப் போனவன் தன் குடும்பத்துக்குத் திரும்பினான். கணக்கிலிருந்து விழுந்தவர்களை மீண்டும் கணக்கில் சேர்க்கும் ஆண்டு அது. நம் யூபிலியையும் ஒரு மன்னிப்போடு தொடங்க நேர்ந்தது பொருத்தமே. நூறு ஆடுகளில் ஒன்று குறைகிறது என்று நல்ல ஆயனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணினார். தொண்ணூற்றொன்பது இருக்கிறதே, ஏறக்குறையச் சரிதான் என்று அச்சகத்துக்கு அனுப்பிவிடவில்லை.

அச்சகத்தாரிடம் சொல்லி அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். பதிவேடு ஆலய வாசலில் மேசைமேல் இருக்கிறது. கல் உடைக்கும் இடத்துப் பக்கம் மூன்று குடும்பங்கள், நெடுஞ்சாலைக்கு அப்பால் வாடகைக்கு வந்திருப்பவர்கள் நால்வர் எனப் புதிதாக ஏழு பெயர்களை நேற்று மாலை சேர்த்தோம். விட்டுப்போனவர்கள் இன்னும் இருப்பீர்கள். அருகில் தெரிந்தவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள். எழுதுவதற்கு நல்ல கையெழுத்து உள்ள ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை; பக்கத்தில் பாட்டியும் இருப்பார்கள். முதல் வேலையாக அந்தப் பிள்ளை பதிவேட்டை முழுதும் கூட்டிப் பார்த்துவிட்டு, நேற்று இரவு நம்மிடம் வந்து, "சாமி, உங்க பேரு எங்கேயும் இல்லையே?" என்று கேட்டது. உண்மைதான். எல்லாரையும் எண்ணிய நாம் நம்மை எழுதவில்லை.

காப்பி வந்துவிட்டது போலிருக்கிறது. வரிசையாக வாருங்கள்.